காப்புக் கட்டும் முன்னால்

கண்ணு,

இதை உன் அப்பா கையில் கொடுத்து அனுப்புகிறேன். முதல் பஸ்ஸில் மலை இறங்கி, நீ மோட்டார்க் கடை திறக்கும் முன்பே காளப்பநாயக்கன்பட்டியில் உன் வீட்டு வாசலில் வந்து நிற்பார். அவரிடம் எதுவும் கேட்காதே. சட்டையைப் போட்டுக்கொண்டு அவரோடும் செல்வியோடும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. காலை மாத்திரையைப் போடாதே. ரத்தம் எடுத்துக்கொண்டு, முடிவு வரும் வரை பெஞ்சில் உட்கார வைப்பார்கள். மீதியை அப்போது படி. அந்த நேரத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டே காதில் வாங்குவாய். கடிதத்தை அப்படிப் படிக்க முடியாது. அங்கன்வாடிப் பிள்ளைகளை அதட்டி அதட்டி என் குரல் கெட்டுவிட்டது என்று கேலி செய்வாயே, எழுத்திலும் அந்த அதட்டல் இருக்கும். பொறுத்துக்கொள்.

இன்று சாயங்காலம் செல்வி கூப்பிட்டாள். புருஷன் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துத்தான் பேசினாள், அவளைத் திட்டாதே. "அத்தை, வெள்ளிக்கெழம அங்க வந்து காப்புக் கட்டிக்கோணும்னு இவரு இப்பவே உப்பை நிறுத்திட்டாருங்க. ரசத்துல கூட போடக்கூடாதுங்கறாரு. கை நடுங்குதுங்க. நேத்து கம்பி சுத்தறப்ப கையில நிக்கலீங்க. மத்தியானம் வாந்தி வேற எடுத்தாரு" என்றாள். உடனே உன்னைக் கூப்பிட்டேன். நீ சிரித்தாய். உன் நாக்கு கொஞ்சம் குழறியது, அது உனக்குத் தெரிந்திருக்காது. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ என்றால், திருவிழா முடியட்டும் என்றாய். "போன வாட்டி ஆத்தா என் மேல வந்தப்பவும் இப்படித்தாம்மா கை நடுங்குச்சு. நல்ல சகுனம். உனக்குத்தான் நம்பிக்கை இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். மலையிலிருந்து இறங்கும் கடைசி பஸ் அதற்குள் போய்விட்டது. ராத்திரி மாத்திரையைக் கொடுக்காதே, தள்ளாடினாலோ எழுப்பினால் எழவில்லை என்றாலோ ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்று செல்வியிடம் சொல்லிவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன். நல்ல சகுனம் என்று நீ சொன்னதற்குப் பதில் சொல்லாமல் இனி எனக்குச் சோறு இறங்காது.

பதிலை நேராகச் சொன்னால் நீ நம்ப மாட்டாய். அதனால் ஆரம்பத்திலிருந்தே வருகிறேன். உனக்கு வந்திருப்பது பைபோலார் என்று டாக்டர் சொல்வதற்கு முன்னால் நம் மலையில், இந்த எடப்புளி நாட்டு ஊர்களில் அதற்குப் பெயரே கிடையாது. பெயர் இருந்திருந்தாலும் அந்த மாசி மாதம் நாங்கள் அதை நோய் என்று நினைத்திருக்க மாட்டோம். ஐடிஐ முடித்துவிட்டு வந்திருந்தாய். நம் ஊரில் போன் சிக்னல் எடுக்காது என்று, மிளகு பறிக்கும் மூங்கில் ஏணிகளை வீடு வீடாக வாங்கிவந்து ஒன்றோடு ஒன்று கட்டி, பாறை மேல் ஒரு கோபுரம் எழுப்பினாய். நீ ஒருவன் நான்கு ஆள் வேலை செய்தாய். தூங்கவில்லை, பசிக்கவில்லை, பேச்சு மட்டும் அருவி மாதிரி கொட்டியது. ஊரே உனக்குக் கயிறு பிடித்தது. "டீச்சர் மகன் கெட்டிக்காரன்" என்று சொல்லாத வாய் இல்லை. நானும் பூரித்துப்போய் எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் நீ உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தாய். உலகத்தில் எல்லோரும் பேசுவது உனக்குக் கேட்கிறது என்றாய். கீழே நின்று சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். மூங்கில் ஆடிக்கொண்டே இருந்தது. உன் அப்பா ஏறி வந்து உன்னைத் தோளில் கட்டி இறக்கினார்.

பிறகு மழைக்காலம் முழுவதும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தாய். அப்போதும் ஊருக்கு ஒரு கருத்து இருந்தது. ஏணி கட்டிய களைப்பு என்றார்கள், காதல் தோல்வி என்றார்கள், சோம்பேறி என்றும் சொன்னார்கள். கோபுரம் கட்டியவனும் சுவரைப் பார்த்துக் கிடந்தவனும் ஒரே நோயின் இரண்டு பக்கம் என்று நாமக்கல்லில் அந்த டாக்டர் அம்மா சொன்ன பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. அவர் லித்தியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், உப்பைக் குறைக்கவும் கூடாது கூட்டவும் கூடாது, மூட்டுவலி மாத்திரை எதையும் கேட்காமல் போடக் கூடாது என்று சொன்னார். நான் தலையாட்டினேன். சாப்பாட்டைப் பற்றி டாக்டர்கள் எல்லோரும் ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

இந்த நோயைப் பற்றி மலையில் ஆளுக்கு ஒன்று பேசுவார்கள், உனக்கே தெரியும். எதிர்வீட்டு ராசாத்தி டிவியில் பார்த்துவிட்டு வந்து, "டீச்சர், எங்க ஊட்டுக்காரருக்கும் அந்த பைபோலாருதானுங்க. காலைல ஒரு பேச்சு, சாயங்காலம் ஒரு பேச்சு" என்றாள். உன் வீட்டுக்காரருக்கு இருப்பது சாராயம், அதற்கு வேறு டாக்டர் என்று சொல்லி அனுப்பினேன். இது காலைக்கும் மாலைக்கும் மாறுகிற குணம் இல்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆளையே தூக்கிக்கொண்டு போவது. நடுவில் நீ நீயாகவே இருக்கும் நாட்கள்தான் அதிகம். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கத்தியைக் கையில் கொடுக்காதே என்று ஒருத்தர் சொன்னார். நீ பலாப்பழம் அறுத்து அவருக்கே சுளை எடுத்துக் கொடுத்தாய். பெரக்கரை நாட்டில் பெண் பார்க்கப் போனபோது உன் நோயை நான் மறைக்கவில்லை. உன் மாமனார், "ஏனுங்க, கல்யாணம் ஆச்சுன்னா சரியாயிருமுங்களா?" என்று கேட்டார். "கல்யாணம் மருந்தில்லீங்க. மாத்திரைதான் மருந்து. உங்க பொண்ணுக்கு சம்மதமான்னு அவகிட்டயே கேளுங்க" என்றேன். செல்வி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நல்லா இருக்கும்போது எதற்கு மாத்திரை என்று ஊரில் எல்லோரும் உன்னைக் கேட்டார்களே, அவள் ஒருத்திதான் இதுவரை அப்படிக் கேட்டதில்லை.

ஊரை மட்டும் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன். எல்லோரையும்விடத் தப்பாகப் புரிந்துகொண்டவள் நான்தான். கோபுரத்துக்குப் பிறகு நீ சத்தமாகச் சிரித்தாலே எனக்குப் பயம் வந்தது. புதுச் சட்டை வாங்கினால் பயம். பாட்டை முணுமுணுத்தால் பயம். "ராத்திரி தூங்குனியா?" என்பதைத் தவிர உன்னிடம் நான் வேறு எதுவும் கேட்காத காலம் ஒன்று இருந்தது. உன் கல்யாணத்தன்று பந்தி முடிந்ததும் நண்பர்களோடு ஆடினாய். நான் வந்து உன் காதில் அதையே கேட்டேன். உன் முகம் அப்படியே அணைந்துவிட்டது. "சிரிக்கறதுக்குக்கூட உங்கிட்ட பர்மிஷன் வாங்கோணுமா?" என்றாய். நியாயமான கேள்வி. சந்தோஷம் வேறு, நோய் வேறு என்று பிரித்துப் பார்க்க நான் கற்றுக்கொள்ளவில்லை. அதனால்தான் இன்று நான் உண்மையாகவே பயப்படும்போதும் அது உனக்குப் பழைய பல்லவியாகக் கேட்கிறது.

இப்போது உன் கல்யாணத்துக்கு முன்னால் நடந்த அந்தத் திருவிழாவுக்கு வருகிறேன். உனக்கு அதில் பாதிதான் நினைவிருக்கிறது. மீதி நாங்கள் சொன்னது. கரகம் எடுக்கிற முறை நம் வீட்டுக்கு வந்தபோது உன் அப்பாவுக்கு முட்டி முடியவில்லை, நீ எடுக்கிறேன் என்றாய். மாத்திரை ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, நன்றாக இருந்தாய். காப்புக் கட்டினால் உப்பில்லாச் சாப்பாடு, ஒரு வேளைதான், தண்ணீரும் கொஞ்சம்தான். ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லாம் நமக்குத் தெரிந்ததுதானே, அதில் என்ன ஆபத்து இருக்க முடியும் என்று நானே உப்பில்லாமல் தினைச் சோறு பொங்கி உனக்குப் போட்டேன். வெயிலில் தீர்த்தம் சுமந்துகொண்டு ஏறி இறங்கினாய், வேர்த்துக் கொட்டியது. நான்கைந்து நாளில் உன் விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. பிறகு வயிற்றுப்போக்கு. பிறகு நீ பேசுவது குழறியது. நோய் திரும்பி வருகிறது என்று நினைத்தேன் நான். யாரிடமும் கேட்காமல், ராத்திரி மாத்திரையோடு இன்னும் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தேன். நோய் கூடினால் மருந்தும் கூட வேண்டும் என்பது என் படிப்பு. உன் வாயில் நானே போட்டு, ஒரு மடக்குத் தண்ணீரும் கொடுத்தேன்.

மறுநாள் கரகம். உன் தலையில் அதை வைத்ததும் உன் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. கண் மேலே போனது. கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பம்பைக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். "ஆத்தா வந்துட்டா" என்று பூசாரி சொன்னதும் ஊரே விழுந்து கும்பிட்டது. முதலில் உன் காலில் விழுந்தவர் உன் அப்பா. உன்னைச் சோம்பேறி என்று சொன்னவர்களும், கத்தி கொடுக்காதே என்று சொன்னவரும் உன்னிடம் வந்து தங்கள் குறையைச் சொல்லி நின்றார்கள். நீ குழறியதை அவரவர் தங்களுக்கு வேண்டியபடி எடுத்துக்கொண்டார்கள். நானும் கும்பிட்டேன், கண்ணு. கொஞ்ச நேரம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. என் பிள்ளை பட்ட பாட்டுக்கெல்லாம் இதுதான் காரணம் போல, ஆத்தா உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள் போல என்று நினைத்து அழுதேன். கரகம் இறக்கிய பிறகும் உன் உடம்பு இழுப்பது நிற்கவில்லை. விபூதி போட்டார்கள், நிற்கவில்லை. பம்பையை நிறுத்தினார்கள், அப்போதும் நிற்கவில்லை. வேட்டி நனைந்திருந்தது. நான் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நீ என்னைப் பார்த்தாய், ஆனால் உன் பார்வையில் நான் இல்லை. என்னோடு சேர்ந்து கும்பிட்டவர்கள் இன்னும் கும்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு தனியாக நான் நின்றதில்லை.

ஜீப்பைக் கூப்பிடச் சொன்னேன். பூசாரி குறுக்கே வந்தார். "காப்புக் கட்டுனவன் எல்லை தாண்டப்படாதுங்க டீச்சர். தாண்டுனா ஊருக்கே ஆகாது" என்றார். அவர் கெட்டவர் இல்லை, ஊருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நிஜமாகவே பயந்தார். நான் உன் மணிக்கட்டைப் பிடித்து அந்த மஞ்சள் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தேன். பிறகு யாரும் என்னைத் தடுக்கவில்லை, கிட்டவும் வரவில்லை. நானும் உன் அப்பாவும் ஜீப் டிரைவரும்தான். ஒவ்வொரு வளைவிலும் உன் தலை என் மடியிலிருந்து உருண்டது, நான் பிடித்துக்கொண்டேன். அந்த வருஷம் மிளகுக் கொடிகள் வாடியதற்குக் காரணம் நான்தான் என்று ஊரில் இன்னமும் பேசுகிறார்கள். பேசட்டும்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் அம்மா கேட்ட முதல் கேள்வி, "உப்பு சாப்பிடறதை நிறுத்தினாரா?" என்பது. உப்பும் இந்த மாத்திரையும் உடம்பில் ஒரே வழியில் போய் வருகிறவை, உப்பும் தண்ணீரும் குறைந்தால் உடம்பு மாத்திரையை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், தினமும் போடுகிற அதே மாத்திரை தினமும் சேர்ந்து சேர்ந்து விஷமாகிவிடும் என்று சொன்னார். நீ ஆடியது விஷத்தில். உனக்குக் குழறியது விஷத்தில். நான் கூடுதலாகக் கொடுத்ததும் அதோடு சேர்ந்துகொண்டது. உன் ரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தம் செய்தார்கள். விழித்தபோது நீ கேட்டது, "கரகம் நல்லபடியா எறங்குச்சாம்மா?" என்று. நான் ஆமாம் என்றேன். பக்குவமாக நானே சொல்லிக்கொள்கிறேன் என்று டாக்டர் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, உன்னிடம் விரதக் களைப்பு என்று சொல்லிவைத்தோம். பிறகு குறைந்த அளவில் அதே மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார்கள், அதுதான் இத்தனை வருஷம் உன்னை நிறுத்திவைத்திருக்கிறது. மாத்திரை உன் எதிரி இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு அதைத் தூக்கி எறிந்துவிடாதே. வீட்டுக்குப் போய் உப்பை அள்ளித் தின்று சரிசெய்துகொள்ளலாம் என்றும் நினைக்காதே. அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்திருக்காதே. அவர்கள் எவ்வளவு, எப்போது என்று சொல்கிறார்களோ அதுதான்.

இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பாய். நீ ஊருக்குத் திரும்பி வந்தபோது எதிரில் வந்தவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். உன் முதுகு நிமிர்ந்திருந்தது. கோபுரத்துக்குப் பிறகு உன்னைப் பார்த்துச் சிரிக்காத முதல் நாள் அது. அதை உன்னிடமிருந்து பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. இனிமேல் நம் வீட்டு முறை வர வெகுகாலம் ஆகும், அதற்குள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். ஆனால் ஆத்தா வந்த ஆள் என்று முறையை மீறி இந்த வருஷமும் உன்னையே கேட்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. கேட்டதை என்னிடம் சொல்லாமலே நீ ஒப்புக்கொள்வாய் என்றும் நினைக்கவில்லை.

நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே உன் அப்பா வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "எல்லாத்தையும் எழுதறயா புள்ள?" என்றார். எல்லாவற்றையும்தான் என்றேன். "அந்த ஒரு நாளையாச்சும் அவனுக்கு உட்டு வெய்யி. நான் அவன் கால்ல உழுந்தது பொய்யின்னு ஆயிருமே" என்றார். "நீங்க உழுந்தது உங்க புள்ள கால்லதானுங்க. அதுல பொய் என்ன இருக்குது" என்றேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் பஸ்ஸுக்கு நானே கொண்டுபோகிறேன் என்றார். இப்போது உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனிதர் அப்படித்தான் வந்திருக்கிறார். அவரைப் பார்த்து எதுவும் கேட்காதே என்று நான் முதலில் சொன்னது அதற்காகத்தான்.

ஆத்தாவை நான் நம்பாதவள் இல்லை. அவள் யார் மேல் வருகிறாள், எப்படி வருகிறாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அன்றைக்கு உன் ரத்தத்தில் என்ன இருந்தது என்பது மட்டும் தெரியும், அதைக் காகிதத்தில் எழுதி என்னிடம் காட்டினார்கள். இன்னொரு முறை இது நடந்தால் நடை திரும்பாமல் போகலாம், பேச்சு திரும்பாமல் போகலாம், ஆளே திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் அம்மா என்னைத் தனியாக நிற்கவைத்துச் சொன்னார். அன்றிலிருந்து நீ டம்ளரை எடுக்கும்போதெல்லாம் உன் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்று செல்வி சொன்னது நடுக்கம், வாந்தி. நான் கேட்டது உன் குழறல். போன தடவையும் இதே வரிசைதான், கண்ணு. காப்பு ஏறிய பிறகு எல்லைக்குள் மாட்டிக்கொண்டு, ஊரே கும்பிட்டு நிற்க, நீ மறுபடி இழுத்துக்கொண்டு கிடப்பதை நான் பார்க்க மாட்டேன்.

நானே ஏன் வரவில்லை என்று இந்நேரம் யோசித்திருப்பாய். காலையில் கோயில் முன்னால் ஊர்க்கவுண்டரும் பூசாரியும் காப்புக்கு ஆள் சொல்லக் கூடுகிறார்கள். நான் அங்கே போகிறேன். நீ இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது நான் சொல்லி முடித்திருப்பேன். என் மகன் மேல் அன்றைக்கு வந்தது ஆத்தா இல்லை, மாத்திரை விஷமாகி உயிருக்குப் போராடினான், அவனை யாரும் விரதத்துக்குக் கூப்பிடக் கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருப்பேன். யாரும் நம்பாமல் போகலாம். என்மேல் பழைய கோபத்தையும் சேர்த்துக் காட்டுவார்கள். உன்னைப் பார்த்துச் செருப்பைக் கழற்றியவர்கள் மறுபடி சிரிக்கவும் செய்வார்கள். உன்னிடம் சம்மதம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பாய், அதனால் கேட்கவில்லை.

உனக்குக் கோபம் வரும். வர வேண்டியதுதான். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் என்னோடு பேசாமல் இரு, செல்வியையும் பேச விடாதே, நான் கூப்பிட்டால் போனை எடுக்காதே. எல்லாவற்றையும் தாங்கிக்கொள்வேன். ஆனால் என்னோடு பேசாமல் இருப்பதற்காவது நீ இருக்க வேண்டும்.

அம்மா